காற்றில் ஒரு கடைமடை

கம்பியில்லாமல் கைமாறிக் கைமாறிச் செல்லும் இன்டர்நெட்டில், வரிசையின் கடைசியில் இருப்பவருக்கு என்ன மிஞ்சுகிறது? இமயமலை அடிவாரத்திலிருந்து தேனி வரை துரத்தும் ஒரு பங்கீட்டுக் கணக்கு.

தௌலாதார் மலையின் மடியில் இருக்கிறது தர்மசாலா. நாடிழந்த திபெத்தியர்களின் தலைமையகம். 2005-ல் இங்கே கம்பியில்லா இன்டர்நெட் வலையமைப்பு ஒன்றை உருவாக்கப் புறப்பட்டவர்களுக்கு, எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத எதிரி ஒன்று காத்திருந்தது: குரங்கு. மொட்டை மாடியில் தண்ணீர்க் குழாயை நட்டு, அதன் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டிவிட்டு இறங்கினால், குரங்குகள் அதில் ஏறி ஊஞ்சலாடின. போதாக்குறைக்கு இடி, மின்னல், வருவதும் போவதும் தெரியாத மின்சாரம்.

ஆனாலும் வலையமைப்பு வளர்ந்தது. 'ஏர்ஜல்தி' என்று பெயர். இந்தியில் 'ஜல்தி' என்றால் சீக்கிரம். இஸ்ரேலைச் சேர்ந்த கம்ப்யூட்டர் நிபுணர் யாஹெல் பென்-டேவிட் முன்னின்று தொடங்கிய இந்த முயற்சியில், கடைகளில் கிடைக்கும் சாதாரண வைஃபை ரூட்டர்களைத் திருத்தியமைத்து மலைச்சரிவெங்கும் பொருத்தினார்கள். 2008-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை தரும் கணக்கு இது: நூற்றுக்கும் மேற்பட்ட ரூட்டர்கள், 10 முதல் 41 கிலோமீட்டர் வரை நீண்ட எட்டுத் தொலைதூர இணைப்புகள், உயரமான ஒதுக்குப்புறங்களில் சூரிய சக்தியில் இயங்கும் மூன்று நிலையங்கள். இத்தனைக்கும் வெளியுலகத் தொடர்பு? ஐந்து டெலிபோன் லைன்கள். எல்லாம் சேர்ந்து உள்ளே கொண்டுவந்தது விநாடிக்கு சுமார் 7 மெகாபிட். வெளியே அனுப்பியது 1 மெகாபிட்.

இன்று ஒரே ஒரு செல்போன் அதைவிட அதிகம் கேட்கிறது. அன்று ஒரு மலையூரே அதைப் பங்கு போட்டுக்கொண்டது. குரங்கை எப்படியாவது விரட்டிவிடலாம். பங்கு பிரிப்பதுதான் பெரும் பாடு.

கலவைச் சட்டி கைமாறும் வழி

கையிலுள்ள செல்போன் டவருடன் கம்பியில்லாமல் பேசுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த டவர் வெளியுலகத்துடன் எப்படிப் பேசுகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. தரைக்கடியில் கண்ணாடி இழைக் கேபிள் வந்திருந்தால் கவலையில்லை. வராத இடத்தில், டவர் தன்னிடம் சேர்ந்த தகவலைப் பக்கத்து டவருக்கு ரேடியோ அலையில் அனுப்புகிறது, அது அடுத்ததற்கு, கடைசியில் கேபிள் உள்ள இடம் வந்து சேர்கிறது. துறையினர் இந்தப் பின்பக்க இணைப்பை 'பேக்ஹால்' என்கிறார்கள். தளம் போடும் இடத்தில் கலவைச் சட்டி சித்தாள்களிடம் கைமாறி மேலே போவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல.

ஆனால் கலவைச் சட்டிக்கு இல்லாத ஒரு சங்கடம் ரேடியோவுக்கு உண்டு. ஒருவர் சட்டியை வீசும்போதே பக்கத்தில் இருப்பவரும் வீசலாம். ரேடியோவில் முடியாது. ஒரே அலைவரிசையில் பக்கத்தில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டுமே குழம்பிப்போகும். ஆகவே நீண்ட வரிசையில் ஒருவர் பேசும்போது அக்கம்பக்கத்து நிலையங்கள் வாய் மூடியிருக்க வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2001-ல் இதைக் கணக்கிட்டார்கள். ஒரே அலைவரிசையில் தொடராக நிற்கும் ரேடியோக்களில், எல்லாம் கச்சிதமாக நடந்தாலும் ஒற்றை இணைப்பின் வேகத்தில் நான்கில் ஒரு பங்குதான் கடைசிவரை போய்ச் சேரும். சாதாரண வைஃபை விதிகளின்படி ஓடவிட்டுப் பார்த்ததில் ஏழில் ஒரு பங்குதான் தேறியது.

மிச்சமிருப்பதை யாருக்குக் கொடுப்பது? காவிரிப் பாசனத்தை அறிந்தவர்கள் இந்தக் கேள்வியை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். வாய்க்காலின் தலைப்பில் இருப்பவர் மடையைத் திறந்து வைத்துக்கொண்டால் கடைமடைக்காரரின் வயல் காயும். வலையமைப்பிலும் தலைமடை உண்டு, கடைமடை உண்டு. கேபிளுக்குப் பக்கத்தில் இருக்கும் நிலையம் தன் வாடிக்கையாளரின் தகவலையும் அனுப்ப வேண்டும், பின்னாலிருந்து வரும் எல்லோருடைய தகவலையும் சுமக்க வேண்டும். அங்கே வரிசை நிரம்பி வழியும்போது முதலில் அடிபடுவது, நான்கைந்து கை மாறி வந்த கடைசி ஊரின் தகவல்தான்.

மூன்று வகைச் சமம்

ஐந்து ஊர்கள் ஒரே வரிசையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் ஊரின் பக்கத்தில் கேபிள். ஒரு நேரத்தில் ஒரு இணைப்புதான் பேசலாம். காற்றின் மொத்தக் கொள்ளளவு 15 மெகாபிட். முதல் ஊரின் தகவலுக்கு ஒரு தாவல் போதும். ஐந்தாவது ஊருக்கு ஐந்து தாவல் வேண்டும்; அதாவது ஒரே தகவல் காற்றை ஐந்து முறை பயன்படுத்துகிறது.

மொத்த வேகம் அதிகபட்சமாக இருக்க வேண்டும் என்றால் விடை சுலபம்: 15 மெகாபிட்டையும் முதல் ஊருக்கே கொடுத்துவிடலாம். மற்ற நான்கு ஊர்களுக்கும் பூஜ்யம். புள்ளிவிவரத்தில் இது மிகத் திறமையான வலையமைப்பு!

எல்லோருக்கும் ஒரே வேகம் என்றால், ஒன்று முதல் ஐந்து வரை கூட்டினால் 15 தாவல்கள். ஆகவே ஊருக்கு 1 மெகாபிட். நியாயமாகத் தெரிகிறது. ஆனால் மொத்தம் 15-லிருந்து 5-ஆகச் சரிகிறது.

மூன்றாவது வழி, எல்லா ஊருக்கும் காற்றில் சமமான நேரம். ஆளுக்கு மூன்று பங்கு. முதல் ஊருக்கு 3 மெகாபிட், இரண்டாவதற்கு 1.5, மூன்றாவதற்கு 1, நான்காவதற்கு 0.75, ஐந்தாவதற்கு 0.6. மொத்தம் 6.85. கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஃபிராங்க் கெல்லி 1990-களின் பிற்பகுதியில் வகுத்த 'விகிதாசார நியாயம்' என்ற கோட்பாடு இந்த உதாரணத்தில் தரும் விடை இதுதான். உலகெங்கும் செல்போன் டவர்கள் தங்கள் வாடிக்கையாளர்களிடையே நேரத்தைப் பிரிக்கும் முறைகளில் இந்தக் கோட்பாட்டின் செல்வாக்கு மிக அதிகம்.

மூன்றில் எது சரி? கணிதம் கையை விரித்துவிடுகிறது. எது நியாயம் என்று முதலில் சொல்லிவிட்டால் மிச்சத்தைக் கணக்கிட்டுத் தருவதுதான் அதன் வேலை. நியாயத்தைத் தீர்மானிப்பது மனிதர்கள். பெரும்பாலும் அது ரூட்டருக்குள் ஓடும் சாப்ட்வேரில், வாடிக்கையாளர் கண்ணில் படாத ஒரு மூலையில் எழுதப்பட்டிருக்கிறது.

கூட்டம் கூடினால் பங்கு குறையும்

ரூட்டர்களை நெருக்கமாக நட்டுக்கொண்டே போனால் தட்டுப்பாடு தீர்ந்துவிடாதா? 2000-ல் இதற்குப் பதில் சொன்னார்கள் பியூஷ் குப்தாவும் பி.ஆர். குமாரும். குமார் 1973-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்று அமெரிக்கா சென்று பேராசிரியரானவர். அவர்களுடைய தேற்றம் உற்சாகம் தருவதாக இல்லை. கம்பியில்லாமல் ஒருவர் தகவலை ஒருவர் சுமக்கும் வலையமைப்பில் நிலையங்களின் எண்ணிக்கை நான்கு மடங்கானால் ஒவ்வொருவர் பங்கும் ஏறத்தாழ பாதியாகும். நூறு, பத்தாயிரமானால் பங்கு பத்தில் ஒன்றாகும். நிலையங்கள் தாறுமாறாக அமைந்திருந்தால் அதற்கும் கொஞ்சம் கீழே. புதிதாக வருபவர் தன் சுமையையும் சேர்த்துக் கொண்டுவருகிறார் என்பதே காரணம்.

இது அவரவர் தமக்குள் பேசிக்கொள்ளும் வலையமைப்புக்கான கணக்கு. இன்டர்நெட்டில் எல்லோரும் ஓடுவது ஒரே கேபிள் வாசலை நோக்கி. அங்கே நிலைமை இன்னும் கறார்: வாசல் ஒன்று, ஆட்கள் நூறு என்றால் பங்கு நூற்றில் ஒன்றைத் தாண்டாது.

கான்பூரின் எசப்பாட்டு

பங்கைப் பெருக்க முடியாவிட்டாலும் வீணடிப்பதைக் குறைக்கலாம் அல்லவா? அந்த வேலையில் இந்தியா முன்னோடி. கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சுற்றியிருந்த கிராமங்களை 'டிஜிட்டல் கங்கைச் சமவெளி' என்ற திட்டத்தில் இணைத்தபோது, பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் ஒரு வினோதத்தைக் கண்டார்கள். வைஃபை, வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் பேச வடிவமைக்கப்பட்டது. ஒரு தகவலை அனுப்பிவிட்டு 'கிடைத்தது' என்ற பதிலுக்காக அது காத்திருக்கும் நேரம் மிகச் சொற்பம். 41 கிலோமீட்டர் தூரத்தை ரேடியோ அலை கடந்து திரும்ப ஒரு விநாடியில் லட்சத்தில் 27 பங்கு ஆகும். அதற்குள் பொறுமையிழந்த ரூட்டர், தகவல் தொலைந்துவிட்டதாக எண்ணி மறுபடி அனுப்பும். பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்!

இன்னொரு சிக்கல், ஒரே கம்பத்தில் நான்கு திசைக்கு நான்கு ஆன்டெனாக்கள் இருப்பது. ஒன்று அனுப்பும்போது பக்கத்தில் இருப்பது கேட்க முயன்றால் காது செவிடாகிவிடும். ராமனும் செப்ரோலுவும் 2005-ல் வெளியிட்ட தீர்வு எளிமையானது: ஒரு கம்பத்தில் இருக்கும் எல்லா ஆன்டெனாக்களும் ஒரே நேரத்தில் பேசட்டும், அடுத்த கணம் எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கட்டும். நடவு வயலில் எசப்பாட்டு பாடுவது போல, இந்தக் கம்பம் பாடும்போது அண்டையில் இருக்கும் கம்பங்கள் கேட்கும். பிறகு அவை பாடும், இது கேட்கும். கம்பங்களை இரண்டு அணியாகப் பிரித்து, எந்த இரு பக்கத்துக் கம்பங்களும் ஒரே அணியில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். மூன்று ஊர்கள் முக்கோணமாக இணைந்தால் மட்டும் இது நடக்காது. யாரை யாருடன் இணைப்பது என்பதை அதற்கேற்ப முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

இதே தத்துவத்தை இன்னும் வளர்த்தது கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு. ஒவ்வொரு தகவலுக்கும் தனித்தனியே பதில் கேட்காமல் கட்டுக்கட்டாகக் கேட்பது, தொலையும் துண்டுகளை மீட்க உபரித் தகவலைச் சேர்த்தே அனுப்புவது என்ற மாற்றங்களுடன், அதே மலிவு விலை ரேடியோவில் இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை வேகம் கிடைத்ததாக 2007-ல் அறிவித்தார்கள்.

தேனியில் ஒரு கண்

இந்தக் கணக்கெல்லாம் யாருக்காக என்பதை தேனியில் பார்க்கலாம். அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையைச் சுற்றியுள்ள கிராமங்களில் சிறிய கண் சிகிச்சை மையங்கள் அமைக்கப்பட்டன. டாக்டர் அங்கே இருப்பதில்லை. பயிற்சி பெற்ற ஊழியர் நோயாளியின் கண்ணைப் பரிசோதிக்கிறார். பிறகு மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியுடன் பேசுகிறார். பெர்க்லி குழு அமைத்துக் கொடுத்த இந்த இணைப்பு இன்டர்நெட் வழியாகக்கூட அல்ல. மையத்திலிருந்து மருத்துவமனைக்கு நேராக, சில இடங்களில் நடுவே ஒரு நிலையத்தில் கைமாறி, 1 முதல் 15 கிலோமீட்டர் வரை தாவும் வைஃபை. மாதத்துக்கு ஆயிரக்கணக்கானவர்களை டாக்டர்கள் இப்படிப் பார்த்தார்கள். கூலி வேலையை விட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து நகரத்துக்குப் போக வேண்டிய ஒரு நாள் மிச்சமானது.

இங்கே வேகம் என்பதன் பொருளே வேறு. படம் பதிவிறக்குபவருக்கு வேகம் கூடிக் குறைந்தால் காத்திருப்பார். டாக்டரின் திரையில் படம் உறைந்து நின்றால் ஆலோசனை நின்றுபோகும். இந்த இணைப்புக்குத் தேவை மின்னல் வேகம் அல்ல, சீரான ஓட்டம். யாருக்கு எவ்வளவு என்ற கேள்வியுடன் யாருக்கு எப்போது என்பதும் சேர்ந்துகொள்கிறது.

இந்தக் குழு கற்ற இன்னொரு பாடத்தில் கணிதமே இல்லை. வலையமைப்புகள் படுத்துக்கொண்டதற்குப் பெரும்பாலான காரணம் ரேடியோ அல்ல, மின்சாரம். அளந்து பார்த்தபோது கிராமத்து மின்கம்பியில் 1,000 வோல்ட் வரை திடீர்ப் பாய்ச்சல்கள் பதிவாயின. மிகச் சிறந்த வழித்தேர்வுச் சூத்திரமும் கருகிப்போன ரூட்டருக்குள் ஓடாது.

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு

பங்கு பிரிப்பது ஒரு பாதி. எந்த வழியில் அனுப்புவது என்பது மறு பாதி. குறைந்த தாவலில் போகும் வழிதான் நல்ல வழி என்று தோன்றும். உண்மையில் அது பெரும்பாலும் மோசமான வழி. தாவல் குறைய வேண்டுமானால் ஒவ்வொரு தாவலும் நீளமாக இருக்க வேண்டும். நீளமானால் தகவல் தொலையும். தொலைந்தால் மறுபடி அனுப்ப வேண்டும். 2003-ல் எம்.ஐ.டி. குழு புதிய அளவுகோல் ஒன்றைத் தந்தது: தாவல்களை எண்ணாதே, ஒரு தகவல் போய்ச்சேர எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்று எண்ணு. சுற்றுவழி நேர்வழியை வென்றது.

அதற்கும் முன்பே, 1992-ல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் தாசியுலாஸும் எஃப்ரமைடிஸும் இன்னும் துணிச்சலான யோசனை சொன்னார்கள். வழியை முன்கூட்டித் தீர்மானிக்கவே வேண்டாம். ஒவ்வொரு நிலையத்திலும் எவ்வளவு தகவல் தேங்கியிருக்கிறது என்று பார். தேக்கம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு அனுப்பு. வித்தியாசம் எங்கே அதிகமோ அந்த இணைப்புக்குப் பேச வாய்ப்புக் கொடு. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவது போல. இந்த ஒரே விதி, எந்த முறையாலும் தாங்கக்கூடிய அளவு போக்குவரத்தைத் தானும் தாங்கும் என்று நிரூபித்தார்கள். வழித்தேர்வும் பங்கீடும் ஒரே கணக்காகிவிட்டது. குறையும் உண்டு: கூட்டம் குறைவான நேரத்தில் தகவல், சரிவே இல்லாத வயலில் விட்ட தண்ணீர் போல அங்குமிங்கும் அலையும். தாமதம் கூடும். தேனி டாக்டருக்கு இது உதவாது.

தெருவுக்குத் தெரு டவர்

கிராமத்தில் தூரம் எதிரி என்றால் நகரத்தில் நெருக்கம் எதிரி. 5ஜி தரும் மிக உயர்ந்த அலைவரிசைகள் நெடுந்தூரம் போகாது. ஆகவே தெருவிளக்குக் கம்பம் அளவிலான சிறு நிலையங்கள் நெருக்கமாகத் தேவை. ஒவ்வொன்றுக்கும் தெருவைத் தோண்டிக் கேபிள் போட, நகராட்சி அனுமதியும் பணமும் வேண்டும். இதற்காகவே 2020-ல் முடிவான 5ஜி சர்வதேசத் தரவிதிகளில், வாடிக்கையாளருடன் பேசும் அதே அலைவரிசையிலேயே நிலையங்கள் பின்பக்க இணைப்பையும் நடத்திக்கொள்ளும் வசதி சேர்க்கப்பட்டது. கேபிள் செலவு மிச்சம். ஆனால் ஒரே மடையிலிருந்து வாடிக்கையாளருக்கும் பக்கத்து நிலையத்துக்கும் பாய்ச்ச வேண்டும்.

ஃபேஸ்புக் நிறுவனம் 2016-ல் அறிவித்த 'டெராகிராஃப்' திட்டம் வேறு வழியில் போனது. 60 கிகாஹெர்ட்ஸ் அலையை ஊசி போன்ற கற்றையாக்கி, சில நூறு மீட்டருக்கு ஒரு பெட்டியாகக் கம்பங்களில் பொருத்தினார்கள். கற்றை மெல்லியதாக இருப்பதால் பக்கத்து உரையாடல் கெடுவதில்லை. வேடிக்கை என்னவென்றால், அங்கேயும் நிலையங்கள் 'ஒற்றை', 'இரட்டை' என்று இரு அணியாகப் பிரிகின்றன. ஒரு அணி பேசும்போது மற்றது கேட்கிறது. கான்பூர் கிராமங்களின் எசப்பாட்டு, பணக்கார நகரத்துக்கும் பொருந்திவந்தது. மழைதான் பொருந்தாது. அலைவரிசை உயர உயர, கனமழை சிக்னலை விழுங்கும். பருவமழை நாட்டில் அது சிறு விஷயம் அல்ல.

வாசல்கள் பெருக வேண்டும்

நல்ல சூத்திரம் கடைமடையைக் காப்பாற்றும், வளமாக்காது. அதற்கு வாசல்கள் பெருக வேண்டும், அதாவது கேபிள் கடைசி ஊருக்கு அருகில் வர வேண்டும். அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 2019 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசிய பிராட்பேண்ட் திட்டம், கண்ணாடி இழைக் கேபிள் இணைந்த டவர்களை 30 சதவீதத்திலிருந்து 2024-க்குள் 70 சதவீதமாக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அதாவது திட்டம் தொடங்கிய அன்று பத்தில் ஏழு டவர்கள் காற்றை நம்பியே நின்றன.

கேபிள் போட்டாலும் வடிவம் முக்கியம் என்பதற்கு கிராமப் பஞ்சாயத்துகளை இணைக்கும் 'பாரத்நெட்' சாட்சி. முதலில் கேபிளைக் கிளை கிளையாக நேர்கோட்டில் இழுத்தார்கள். நடுவில் ஒரு பொக்லைன் கேபிளை வெட்டினால் அதற்கப்பால் இருக்கும் ஊர்களெல்லாம் இருட்டு. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 1,39,579 கோடி ரூபாய்த் திருத்தத் திட்டத்தில் நேர்கோடு வளையமானது. ஒரு பக்கம் அறுந்தால் மறு பக்கமாகத் தகவல் சுற்றி வரும். வளையத்தில் கடைசி ஊர் என்று ஒன்று இல்லை.

அலைவரிசையும் ஒரு மடைதான். 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த அரசு அனுமதித்திராவிட்டால் தர்மசாலாவின் மொட்டை மாடிகளில் ஆன்டெனா முளைத்திருக்காது. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு இதே சுதந்திரம் கிடைத்தது. ஒவ்வொரு முறை மடை திறந்தபோதும் பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத ஊர்களுக்குச் சிறியவர்கள் போய்ச் சேர வழி பிறந்தது.

டெல்டாவில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் முறைப்பாசனம் வைப்பார்கள். எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் என்று முன்கூட்டியே அறிவிப்பு வரும். கடைமடைக்காரர் திட்டிக்கொண்டே காத்திருந்தாலும் தன் முறை என்றைக்கு என்பது அவருக்குத் தெரியும். தவறினால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்பதும் தெரியும். காற்றில் ஓடும் வாய்க்காலின் கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கு, திரையில் சுழலும் வட்டம் மட்டுமே தெரிகிறது. மடை யார் கையில் இருக்கிறது என்று கேட்க அவருக்கும் உரிமை உண்டு.